அம்மா வெட்டிய சேலைகள்

எங்கள் வீட்டில் எந்தத் துணியும் வாங்கின உருவத்தில் அதிக நாள் தாக்குப்பிடித்ததில்லை. காரணம் அம்மா. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எழுதத்தான் போகிறேன். முதலில் என் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது வராது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. வரவேற்பறையில் விருந்தாளிகள் இருக்கவேண்டிய இடத்தில் அம்மாவின் தையல் மெஷின் இருந்தது. உப்புக்காற்றில் அது அடிக்கடி இறுகிவிடும். அதை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மருதானைக்குப் போய்த் திருத்துவது என் தலையில் விழுந்த வேலை. அம்மாவும் விடாமல் கூட வருவார். வழியில் லேஸ் தொங்கும் கடை ஒன்று கண்ணில் பட்டால் போதும், "மல்லி, டிக்கக் இன்ன" என்று சிங்களத்தில் ஓட்டோக்காரனைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். அந்தக் கொஞ்ச நேரம் எப்போது முடியும் என்று அவருக்கே தெரியாது. நான் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் வேகுவேன்.

தைக்கத் தெரிந்தவர்கள் புதுத்துணி வாங்கித் தைப்பார்கள். அம்மாவுக்குப் புதுத்துணியில் மனம் போகாது. உடுக்கிற சேலையைக் கண்டால்தான் கை துறுதுறுக்கும். நான் ஒருமுறைகூட உடுக்காத மயில்நீலப் பட்டுச்சேலை என் மகளின் பள்ளிக்கூட நடனத்துக்குத் தோகையாகப் போனது. ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டதற்கு, "அலுமாரிக்குள்ள கிடந்து மக்கிறதுக்கோ வாங்கினனீ?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். மகள் மேடையில் தோகையை விரித்தபோது மண்டபமே கைதட்டியது. முன்வரிசையில் இருந்த அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு அழகாக இருந்தது, அதுதான் இன்னும் ஆத்திரம்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை, இன்னும் விவரமானவர். அக்கா வருகிறார் என்று தெரிந்தால் அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்வார்.

குடும்பத்தில் யாருக்காவது குழந்தை பிறக்கப்போகிறது என்றால் எங்களுக்குச் சந்தோசத்தோடு பயமும் வரும். பிறந்த முப்பத்தோராம் நாள் தீட்டு, எங்கள் பேச்சில் துடக்கு, கழிக்கும்போது குழந்தை போடுகிற சட்டை அம்மாவின் கையால் தைத்ததாக இருக்கவேண்டும், அதுவும் குடும்பத்தில் ஒருவர் உடுத்த சேலையில். அண்ணா லண்டனுக்கும் தங்கச்சி கனடாவுக்கும் போன பிறகும் பார்சல் போய்க்கொண்டே இருந்தது. எண்பது வயது தாண்டியும் ஒரு கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சின்னச் சின்னக் கழுத்துகளுக்குப் பூவேலை செய்தார். கண் போய்விடும், நிறுத்துங்கள் என்று கத்திக் கத்தி என் தொண்டைதான் போனது.

போன வருசம், தொண்ணூறு வயதைத் தொட்ட கையோடு, ஒரு விடியற்காலை நித்திரையிலேயே போய்விட்டார். அவரைவிட மூத்த அப்பா அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அம்மாவைக் கூறை உடுத்தித்தான் அனுப்பவேணும்."

கணவன் இருக்க மனைவி போனால் கலியாணக் கூறைச் சேலையை உடுத்தி வழியனுப்புவது எங்கள் வழக்கம். உடலை ஆயத்தப்படுத்த எடுத்துப்போன மலர்ச்சாலைக்காரரும் உடுப்பைக் கேட்டுப் போன் எடுத்துவிட்டார்கள். நான் அம்மாவின் அலுமாரியைத் திறந்தேன். வெட்டுத் துண்டுகள், லேஸ் சுருள்கள், பொத்தான் டப்பாக்கள். கூறையைக் காணவில்லை. அடித்தட்டில் ஒரு குஷன் உறை கிடந்தது. சிவப்புப் பட்டு, சரிகைக் கரை. அந்தக் கரையில் ஓடிய அன்னங்களை நான் அவர்களின் கலியாணப் படத்தில் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். விம்மிக்கொண்டிருந்தவள் கூறை என்றதும் அழுகையை நிறுத்தினாள்.

"அதிலதானே அக்கா என்ரை மூத்தவளுக்கு முப்பத்தொண்டுச் சட்டை தைச்சவ. உங்களுக்குத் தெரியாதோ?"

அண்ணா வீட்டுச் சாமியறைத் திரையும் அதுதானாம். கூறை மூன்று நாடுகளில் கிடக்கிறது, உடுக்கவேண்டியவர் மலர்ச்சாலையில் கிடக்கிறார். பெற்ற தாய் செத்த அன்று அவர்மேல் அப்படியொரு கோபம் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. குஷன் உறையைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். கடைசியாக ஒரு காரியம் கேட்ட மனிசனிடம் போய் நான் என்ன சொல்வது?

மாப்பிள்ளையாக இருந்து தான் கொடுத்த சேலை துண்டு துண்டாகப் போனதை அப்பாவிடம் மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் முகம் மாறவேயில்லை.

"அப்ப புதுசா ஒண்டு வாங்கிக்கொண்டு வா" என்றார், வீட்டில் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் முடிந்துவிட்டதுபோல. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

காலி வீதியில் ஒரு சேலைக்கடைக்குள் நுழைந்து கூறை கேட்டேன். விற்கிற பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கலியாணம் எப்ப அன்ரி?"

"நாளைக்கு."

"நாளைக்கோ! பிளவுஸ் எப்ப தைக்கிறது?"

"அதை நான் பாக்கிறன். நீங்கள் சேலையைக் காட்டுங்கோ."

"பொம்பிளை என்ன நிறம்?"

"நல்ல வெள்ளை" என்றேன். அந்தப் பிள்ளை அரக்குச் சிவப்பு ஒன்றை எடுத்து விரித்து, வெள்ளைக்கு இதுதான் எடுப்பாக இருக்கும் என்றது. வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

வீட்டில் சித்தி காத்திருந்தார். இருவருமாகச் சாப்பாட்டு மேசையில் சேலையை விரித்தோம். ஒரு நுனியில் பிளவுஸ் துண்டு சேர்த்தே நெய்யப்பட்டிருந்தது. தைக்க நேரமில்லை, அம்மாவின் பழைய பிளவுஸ் ஒன்றைத்தான் போடவேண்டும். அந்தத் துண்டு வீணாகத் தொங்கும் என்று சித்தி கத்தரிக்கோலை எடுத்தார்.

"வெட்டாதேங்கோ."

அப்பா கதிரையிலிருந்து எழும்பி, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெட்டாட்டி கொசுவம் தடிப்பா நிக்கும் அத்தான்" என்றார் சித்தி.

"நிக்கட்டும்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா தன்ரை கூறையையே வெட்டினவ அப்பா. இந்தத் துண்டை வெட்டினால் உங்களுக்கு என்ன?"

"அவ வெட்டேக்குள்ள மற்ற நுனியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான்தான்."

அவர் புதுப்பட்டைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் வாங்கிக் குடுத்த சேலை எல்லாம் பிள்ளையளுக்கெண்டு வெட்டினவ. ஒண்டையாவது முழுசா உடுத்திக்கொண்டு போகட்டும்."