முப்பத்தாறு வாரத்துக்குள் ஒரு தடவை

டிக்கெட் போடுகிற வேலையில் இருப்பவர்களுக்கு விமானத்தைப் பற்றி எல்லாம் தெரியும், ஏறத்தான் தெரியாது. ஃபேக்டரிகள் நிறைந்த ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு சின்ன டிராவல்ஸ் கடையில் அஞ்சு வருஷமாக உட்கார்ந்து ஊரில் உள்ளவர்களை எல்லாம் வானத்துக்கு அனுப்பியிருக்கிறேன். நான் ஏறியதில் உயரமான இடம் வடக்குப்பட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. வயிற்றைத் தள்ளிக்கொண்டோ கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டோ ஏர்போர்ட் வரிசையில் நின்று நொந்தவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் நானும் உங்கள் கட்சியில் சேர்ந்தேன். எனக்கு நாலாம் மாசம் நடக்கும்போது என் வீட்டுக்காரர் செந்திலை, ஃபேக்டரியில் புது லைனை ஓட்டிக் காட்டச் சொல்லி அவர் கம்பெனி ஒரு வருஷத்துக்குப் புனேவுக்கு அனுப்பிவிட்டது. லீவு கிடையாது. பிள்ளை பிறக்கும்போது அவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. நாள் முழுக்க ரயிலில் குலுங்கிக்கொண்டு போகக் கூடாதென்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். விமானத்தில் போகலாம், ஆனால் முப்பத்தாறு வாரம் தாண்டினால் ஏற்ற மாட்டார்கள். அந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டிய மகராசியே நான்தான்.

குறுக்கே நின்றவர் என் மாமியார். எனக்கு அம்மா இல்லாததால் பிரசவம் அவர் பொறுப்பு. தங்கமான மனுஷிதான். என் வாய்தான் சரியில்லை. கடையில் நடப்பதை எல்லாம் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவரிடம் ஒப்பித்துவிடுவேன்.

பஃபர் வைத்த பிரசவம்

தண்டலத்திலிருந்து ஒரு லைன் சூப்பர்வைசர் மனைவியோடு வந்தார். மனைவியைக் கோயம்புத்தூரில் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும். "எத்தனை வாரம் சார்?" என்று கேட்டேன். வாயால் சொல்வதை விட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். பத்து மாசமும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் கட்டமாக ஓடியது. ஸ்கேன் எடுக்கப் போகும் நாளுக்கெல்லாம் 'ஆடிட்' என்று பெயர் வைத்திருந்தார். அந்த அம்மாள் பின்னால் உட்கார்ந்து, யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பது போல முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் சீட்டில் இருபதாம் தேதி பிரசவம் என்று இருந்தது. இவர் கட்டத்திலோ ஆறாம் தேதி. எது சரி என்று கேட்டதற்கு, கொஞ்சம் பாவமாக என்னைப் பார்த்தார். "எங்க லைன்ல எப்பவும் ரெண்டு வாரம் பஃபர் வச்சுதான் பிளான் போடுவோம் மேடம். கொடுத்த தேதிய அப்படியே யாராவது நம்புவாங்களா?"

காதில் சொன்ன பேர்

இதை வீட்டில் சொல்லிச் சிரித்தேன். மாமியார் சிரிக்கவில்லை. அன்றைக்கே என் கணக்கிலும் ரெண்டு வாரத்தைக் கழித்துவிட்டார். கூடவே, எட்டாம் மாசம் இரட்டைப்படை, வாசல்படியே தாண்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அந்த எரிச்சலில் கடைக்குப் போனால் அங்கே ஒரு கைக்குழந்தை காத்திருந்தது.

மறைமலை நகரில் குடியிருக்கும் தூத்துக்குடிக் குடும்பம். ஊருக்குப் போய்க் குலதெய்வம் கோயிலில் பேர் வைக்கப் போகிறார்கள். பேர் இல்லாமல் டிக்கெட் வராது. டிக்கெட் இல்லாமல் ஊருக்குப் போக முடியாது. ஊருக்குப் போகாமல் பேர் கிடையாது. 'பாப்பா' என்று போட்டுவிடலாமா என்றேன். குழந்தையின் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, என்னை ஒரு முறை முறைத்தார். பேரை முதலில் கேட்க வேண்டியது குழந்தையின் காதாம். கம்ப்யூட்டர் கேட்கக் கூடாதாம்.

கடைசியில் அந்த அம்மாளே ஒரு வழி கண்டுபிடித்தார். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் குழந்தையைத் தூக்கிப் போய் அதன் காதில் மூன்று தடவை சொன்னார். பிறகு என் காதருகே குனிந்து ஒரு தடவை சொன்னார். இந்த உலகத்தில் அந்தப் பேரைக் கேட்ட இரண்டாவது ஆள் என்ற பெருமையோடு கீபோர்டில் கை வைத்தேன். அந்த அம்மாள் என் தோளை அழுத்தினார். "டைப் பண்ணும்போது வாய் விட்டு வாசிச்சிராதிய. புள்ளயப் பெத்த எங்க மதினிக்கே இன்னும் தெரியாது."

இரும்பு

கர்ப்பிணிகள் தனியாகப் போனால் காத்து கருப்பு அண்டாமல் இருக்க ஒரு துண்டு இரும்பு கையில் வைத்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். ஊரில் பாக்குவெட்டி வைப்பார்கள். ஒரகடத்தில் என்ன வைப்பார்கள்? ஒரு நாள் காலையில் எனக்கு ஒரு போன். நான் டிக்கெட் போட்டுக் கொடுத்த பெண், ஏழு மாசம், ஏர்போர்ட் செக்யூரிட்டியில் நிற்கிறாள். அவள் கைப்பையில் ஒரு சாண் நீளத்துக்குப் பளபளவென்று ஒரு ஷாஃப்ட், மெஷினில் சுழல்கிற இரும்புத் தண்டு. வீட்டுக்காரர் தன் மெஷின் ஷாப்பிலிருந்து கொடுத்த சேம்பிள் பீஸ். மேலே 'இன்ஸ்பெக்ஷன் ஓகே' என்று ஸ்டிக்கர் வேறு. போலீஸ்கார அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இவளோ, தன் மாமியார் சொல்லை மீறி அதைப் போட்டுவிட்டு ஏற மாட்டேன் என்கிறாள்.

"தாயே, நீ போய் உட்காரப் போறதே இரும்புக்குள்ளதான், ஏறு" என்றேன். "அக்கா, நான் மெட்டீரியல் டெஸ்டிங் லேப்ல வேலை பாக்குறேன். விமானம் பாடி முழுக்க அலுமினியம்" என்றாள். படித்த பிள்ளைகளிடம் பொய் சொல்லிப் பிழைக்க முடியாது. சட்டென்று ஒரு யோசனை வந்தது. தாலியில் ஊக்கு இருக்கிறதா என்று கேட்டேன். ஏழு இருந்தது. அப்புறம் என்ன, கழுத்திலேயே இரும்பு இருக்கிறதே என்றேன். போனில் 'ணங்' என்று கேட்டது. ஷாஃப்டைக் கொடுத்துவிட்டாள் என்று சத்தத்திலிருந்து தெரிந்தது. "ஊக்கு இரும்புதான்க்கா, ஆனா கிரேடு என்னன்னுதான் தெரியல."

நான் நின்ற கவுன்ட்டர்

இதையும் வீட்டில் உளறினேன். "அப்ப ஏரோப்ளேன்ல இரும்பே கெடையாதா?" என்று மாமியார் எழுந்து நின்றுவிட்டார். அதோடு புனே பேச்சு முடிந்தது. எட்டாம் மாசம் போய் ஒன்பது பிறந்தது. வாரம் முப்பத்து மூணு, முப்பத்து நாலு. பகலில் ஊருக்கெல்லாம் டிக்கெட் போடுவேன், சாயங்காலம் தலையணையில் முகத்தை வைத்து அழுவேன். ஒருநாள் செந்தில் வீடியோ காலில் வந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். காலையில் காபி கொடுக்கும்போது, "நானும் வரேன், ரெண்டு டிக்கெட்டா போடு" என்றார்.

அன்றைக்குக் கிளம்பும்போது முப்பத்தைந்து வாரம் ஐந்து நாள். இந்த விமானத்தை விட்டால் எனக்கு வேறு விமானம் இல்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் டாக்டர் சான்றிதழைக் கேட்டாள். எடுத்து நீட்டினேன். "இது ஜெராக்ஸ் மேடம், ஒரிஜினல்?" என்றாள். அஞ்சு வருஷப் பழக்கம். விண்ணப்பம் எதுவானாலும் ஒரிஜினலை ஃபைலில் குத்திவிட்டு ஜெராக்ஸை கஸ்டமர் கையில் கொடுப்பேன். என் சான்றிதழையும் கை அப்படியே செய்திருக்கிறது, அன்றைக்குக் கஸ்டமர் நான். கடை முதலாளி பாஸ்கர் அண்ணனுக்குப் போன் போட்டேன். வண்டியை எடுத்தாலும் படப்பை டிராஃபிக்கைத் தாண்டி வருவதற்குள் விமானம் போய்விடும் என்றார்.

கவுன்ட்டர் பெண் தலையை ஆட்டி, "சாரி மேடம், போக முடியாது" என்றாள். நான் அழ ஆரம்பித்தேன். மாமியார் கையிலிருந்த புளிசாதத் தூக்கைக் கவுன்ட்டர் மேல் டங்கென்று வைத்தார். "போவக் கூடாதுன்னு சொல்றதுக்கு அஞ்சு மாசமா நான் கீறேன். நீ யாரும்மா நடுவுல?" வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இவ ஊர்ல கீற புள்ளத்தாச்சி அத்தினி பேரையும் ஏத்தி வுட்டவ. இவள ஒரு தபா ஏத்த மாட்டியா? டாக்டர் இங்க இல்லியா இன்னா?"

இருந்தார். ஏர்போர்ட்டிலேயே டாக்டர் ரூம் இருப்பதை அஞ்சு வருஷமாகக் கஸ்டமர்களுக்குச் சொல்லிவந்த எனக்கு அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை. மாமியார் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிபி பார்த்து, புதுசாக எழுதிக் கொடுத்தார். மூச்சு வாங்கத் திரும்பி வந்தோம். கவுன்ட்டர் பெண் போர்டிங் பாஸைக் கொடுத்துவிட்டு மாமியார் பக்கம் பார்க்காமல் மெல்லக் கேட்டாள். "மேடம், இவங்க திரும்பி வர்ற தேதி மட்டும் சொல்றீங்களா? நான் அன்னிக்கு லீவு போட்டுக்கிறேன்."

விமானம் மேலே எழும்பும்போது நான் அழுதேன், மாமியார் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் விரலை நசுக்கினார், புனேவில் செந்தில் எங்கள் இருவரையும் பார்த்து அழுதார். வயிற்றோடு விமானம் ஏற டிக்கெட்டும் சான்றிதழும் வேண்டும் என்று அஞ்சு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிவந்தேனே தவிர, உங்களைத் தடுக்கும் உரிமையைப் பிறத்தியாருக்கு விட்டுக்கொடுக்காத ஒரு மாமியாரும் வேண்டும் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டாமல் போனது என் தப்புதான்.