புல்லுக்கட்டுக்குப் பின்னால் ஓடிய வரிசை

மலேசியாவில் புக்கிட் ரோத்தான் ஊரிலுள்ள என் வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு நான் வருஷக்கணக்காக மிதித்த சைக்கிளில் கூடை, கேரியர், மணி எல்லாம் உண்டு. வேகம் மட்டும் கிடையாது. தேவைப்படவும் இல்லை. வழியில் யாராவது "எங்க போற?" என்றால் காலை ஊன்றி நின்று பதில் சொல்ல வேண்டும். தினமும் அதே தொழிற்சாலைக்குத்தான் போகிறேன் என்பது கேட்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் நிற்காமல் போனால், எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டதாகச் சாயங்காலத்துக்குள் என் மனைவிக்குச் செய்தி வந்துவிடும்.

அப்படிப்பட்ட நான் ரோட் பைக் என்கிற வேக சைக்கிள் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாக ஓட்டும் ஒரு கூட்டத்தில் சேரப் போனேன். தலைவி ரவாங்கில் பல் டாக்டர். என் மகள் வயது. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டியே போக வேண்டும், சொல்லாமல் பிரேக் பிடிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். பள்ளம் வந்தால் முன்னாலிருந்து "ஓட்டை!" என்று கத்துவார். அவர் கத்தும்போதெல்லாம் என் நாக்கு தானாகப் போய்க் கடைவாய்ப் பல்லைத் தடவும்.

முதல் வாரம் இளநீர்க்காரருக்கு நின்றேன். இரண்டாம் வாரம், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய ஒரு பழைய மண்டோருக்கு. இரண்டு தடவையும் பின்னால் வந்தவர்கள் புல்லில் இறங்கினார்கள்.

மூன்றாம் வாரம் கிளம்பும்போதே, "அங்கிள், இன்னைக்கும் யாருக்காச்சும் நின்னீங்கன்னா அவ்ளோதான் லா. தனியா ஓட்டிக்குங்க," என்றார் டாக்டர்.

ஐம்பதைத் தாண்டியவனைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் ஒரே கூட்டம் ஆஸ்பத்திரி வரிசை. இந்தச் சைக்கிள் கூட்டத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை.

கோலசிலாங்கூரைத் தாண்டி வயல்வெளிக்கு வந்ததும் கடல்காற்று முகத்தில் அடித்தது. டாக்டருக்கு அடுத்து நான். அப்போது பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள். என் மனைவியின் தாய்மாமன். மாடு வளர்க்கிறவர். பின் சீட்டில் கதவு அகலத்துக்குப் புல்லுக்கட்டு.

"மாப்ள! எங்க போற?"

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் நிற்கவில்லை.

"நில்லுப்பா! பேத்திக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். ஓடிக்கிட்டே கூப்பிட்டா மரியாதையா?"

"நிக்க முடியாது மாமா."

"ஏன், பிரேக் இல்லையா?"

"இருக்கு. பிடிக்கக் கூடாது."

மாமா என்னையும் என் இறுக்கமான சைக்கிள் டிராயரையும் மேலும் கீழும் பார்த்தார். "கால்சட்டை போடவும் கூடாதா? உள்ள போடுறத மட்டும் போட்டுக்கிட்டு வந்திருக்க!"

மாமா முன்னேறி டாக்டரிடம் போனார். "நீயாச்சும் சொல்லும்மா, நிக்கச் சொல்லு அவன!"

"அங்கிள், தள்ளிப் போங்க!"

மாமா அவருக்கு முன்னாலேயே போய், தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தபடி ஓட்டினார். சட்டென்று காற்று நின்றது. புல்லுக்கட்டு மொத்தக் காற்றையும் வாங்கிக்கொண்டது. கால்கள் தாமாகச் சுற்றின. டாக்டர் கைப்பிடியில் மாட்டியிருந்த கைப்பேசியில் வேகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார்: "அங்கிள், அவரை விட்டுறாதீங்க! பேசிக்கிட்டே இருங்க!"

பேசினேன். சமையல் யார், பந்தல் யார், பிள்ளையை யார் மடியில் உட்கார வைப்பார்கள், எல்லாம் கேட்டேன். மூச்சு வாங்கியது. கேள்வி தீர்ந்துபோன நேரத்தில், "உங்க சம்பந்தி வர்றாரா மாமா?" என்றேன். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"அவன் பேச்ச எடுக்காத!" மாமாவுக்குக் கோபம் வந்தால் கை தானாக ஆக்சிலேட்டரை முறுக்கும். வண்டி பறந்தது. புல் உதிர்ந்து வாயில் விழ, வரிசை மொத்தமும் அவர் பின்னால் பறந்தது. வேகம் குறையும்போதெல்லாம் நான் சம்பந்தியைப் பேச்சில் இழுத்தேன்.

ஒருவழியாகக் காப்பிக்கடையில் நின்றதும் மாமா இறங்கி, ஒவ்வொருவரையும் கும்பிட்டுக் காதுகுத்துக்கு அழைத்தார். இவ்வளவு தூரம் கூடவே வந்தவர்களை எப்படி விடுவது?

டாக்டர் கைப்பேசியில் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தீர்ப்புக்காக நின்றேன்.

"அங்கிள், அடுத்த ஞாயிறு கண்டிப்பா வரணும்."

"வர்றேம்மா!" என்றேன். அவர் மாமாவைப் பார்த்துச் சொல்லியிருந்தார்.

மாமா யோசித்தார். "மாப்ள வந்தா வர்றேன். இல்லன்னா யாருகிட்ட பேசுறது?"

இப்படித்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டத்தின் சீருடைச் சட்டை ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு மாமா புல் அறுக்கப் போகிறார்.