இருமலுக்கு ஓர் உபசாரம்

போன வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஓர் அரசாங்கத் திட்டத்தையே கவிழ்க்கப் பார்த்தேன். நல்லெண்ணத்தில்தான்!

என் அக்கா மகள் ஹெலன் தஞ்சாவூரில் ஆராய்ச்சி செய்கிறாள். எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியாத கிருமிகள்தான் அவளுடைய சப்ஜெக்ட். அவற்றைத் தேடி வாய்க்கால் தண்ணீர், அறுவடை முடிந்த வயலில் மேயும் வாத்துகளின் எச்சம் என்று சகலத்தையும் பாட்டிலில் பிடித்து வருவாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் இதை விளக்க நாங்கள் பட்ட பாடு... அதை விடுங்கள்.

அரசாங்கம் பணம் தந்தால்தான் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் லேபைப் பூட்ட வேண்டியதுதான். முடிவு சொல்லும் அதிகாரி, வயல்களை நேரில் பார்க்க எங்கள் ஊர்ப் பாபநாசத்துக்கு வந்திருந்தார். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

"அவர்தான் எல்லாம் சித்தி. நல்லா கவனிச்சுக்குங்க" என்றாள் ஹெலன். விடுவேனா? விரால் மீன் குழம்பே வைத்தேன்.

அதிகாரி சாப்பிட உட்கார்ந்ததும் லொக்கு லொக்கென்று இருமினார். "ரெண்டு நாளா இதே தொல்லைங்க."

விருந்தாளி இருமினால் நம் ஊரில் சும்மா பார்த்துக் கொண்டிருப்போமா? ஃப்ரிட்ஜ் மேலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். என் கணவரின் பல்வலிக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் கிடந்தது. வலி விட்டதும் மிச்சத்தைப் பத்திரப்படுத்தியிருந்தேன் - யாருக்காவது உதவுமே!

"இதைப் போடுங்க சார். சட்டுனு கேக்கும்."

அவரும் சந்தோஷமாக வாயருகே கொண்டு போனார். ஹெலன் பாய்ந்து பிடுங்கினாள். அதிகாரியின் கையிலிருந்து! குழம்பு அவருடைய வெள்ளைச் சட்டையில் தெறித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. லேப் போச்சு...

"மன்னிச்சுக்குங்க சார். உங்க இருமலுக்கும் இந்த மாத்திரைக்கும் சம்பந்தமே இல்ல. இப்படித்தான் ஆளாளுக்கு நாலு முழுங்கிட்டு, கொஞ்சம் தேவலைன்னதும் நிறுத்திடறோம். தப்பிச்ச கிருமி பலமாயிடுது. அப்புறம் எதுக்குமே அடங்காது. சித்தியோட இந்த டப்பாவாலதான் சார் எனக்கு வேலையே!"

எங்கள் பிஸ்கட் டப்பாவுக்கு இப்படியொரு அந்தஸ்தா? பெருமைப்படுவதா, ஒளிந்துகொள்வதா என்று தெரியவில்லை.

அதிகாரி ரசம், மோர் எல்லாம் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார். கிளம்பும்போது மெதுவாக, "எங்க வீட்லயும் ஒரு டப்பா இருக்கும்மா" என்றார்.

நேற்று அவரிடமிருந்து போன். ஹெலன் ஸ்பீக்கரில் போட்டாள். பணம் உண்டு! நான் மாதாவுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவசரப்பட்டிருக்க வேண்டாம்.

"இப்போதைக்கு முதல் வருஷத்துக்கு மட்டும் தர்றோம்மா. கொஞ்சம் நல்ல ரிசல்ட் தெரிஞ்சா, அதோட நிறுத்திக்கலாம்ல?"

ஹெலன் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். கேட்கிற பெண்ணா அவள்?

"அப்படிப் பாதியில நிறுத்தி நிறுத்தித்தான் சார், இந்தக் கிருமியே வந்துச்சு!"