கும்மிடிப்பூண்டியில் இல்லாத மேடு

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு நேராகக் கோடு போட்டால் அதிக தூரம் இல்லை என்பார்கள். ரயிலில் போகிறவர்களுக்கு அந்தக் கோடு உதவாது. பேசின் பிரிட்ஜ் வரை கிழக்கே போய், வண்டி மாறி, வடக்கே ஏற வேண்டும். கிட்டத்தட்ட எண்பத்தைந்து கிலோமீட்டர். எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதக் கடைசியில், அந்தச் சுற்று வழியில்தான் நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அவருக்கு நிலத்தின் உயரத்தை அளக்கிற வேலை. எனக்கு அவருக்குச் சமைத்துப் போடுகிற வேலை. ஓட்டல் சாப்பாடு அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஸ்டவ்வும் அரிசி மூட்டையுமாக விடிகாலை பாசஞ்சரில் ஏறினோம்.

வழியில் பெரம்பூரில் இறங்கினோம். அங்கே என் தங்கை கமலா இருந்தாள். அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஏரோப்பிளானிலிருந்து எடுத்த படங்களை இரண்டிரண்டாக ஒரு மிஷினில் வைத்துப் பார்த்தால் நிலம் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்குமாம். அதைப் பார்த்து உயரக் கோடு வரைய ஆள் எடுத்தபோது இரண்டு பேரும் போனார்கள். அதற்கு இரண்டு கண்ணும் சமமாக இருக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு இடது கண் கொஞ்சம் மங்கல். அந்த மிஷின் நாற்காலி சகலைக்குப் போயிற்று. நாற்காலியோடு பெரம்பூரில் குடியிருக்க வீடும் வந்தது. முக்காலி வைத்துத் தூரத்துக் கட்டையைப் பார்க்கிற லெவல் பெட்டிக்கு ஒரு கண் போதும் என்று இவரை வெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அக்கா, இங்க வாயேன்," என்று கமலா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "திருப்பினா போதும், கொட்டுது பாரு. ராத்திரி பகல்னு கணக்கே இல்ல."

குழாய் கொட்டியது. திருவள்ளூரில் நான் தெருக்கோடி பம்பில் குடத்தோடு சண்டை போடுகிறவள். "நல்லாருக்குதுடி," என்றேன். எரிந்தது.

கூடத்தில் அவள் வீட்டுக்காரர், தான் வரைந்த படத்தை விரித்து வைத்திருந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை வரப்போகிறது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்துகொள்ள அந்தப் படம். அது சரியா என்று தரையில் அளந்து பார்க்கத்தான் என் வீட்டுக்காரரை அனுப்பியிருந்தார்கள். சகலைதான் வரைந்தது என்று இவர் முன்னாடியே சொல்லியும், மேலதிகாரி, "அளக்கற கட்டைக்கு உறவு தெரியாதுய்யா" என்று சிரித்துவிட்டாராம். அரை மீட்டர் வரை வித்தியாசம் வந்தால் பொறுப்பார்கள். அதுவும் மொத்தமாகப் பார்ப்பதில்லை. வயல், முள்ளுப்புதர், மாந்தோப்பு, சவுக்கு என்று ஒவ்வொரு வகை நிலத்திலும் படம் தனித்தனியாகத் தேற வேண்டும்.

"வயல்ல எனக்குப் பயமில்ல சகல. மரம் கீற எடத்துலதான் பயம். மேலேர்ந்து பாத்தா எலதான் தெரியுது, மண்ணு எங்க தெரியுது?" என்றார் கமலா வீட்டுக்காரர்.

கமலா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் முன்னால் நின்றாள். "மாமா, இது தேறலைன்னா இவர மறுபடி வெயில்ல அளக்கற கேம்ப்புக்கு அனுப்பிடுவாங்களாம். நாற்காலி போனா ஊடும் போச்சு. எல்லாம் உங்க கையில கீது."

"என் கையில இன்னாம்மா கீது? மண்ணு சொல்றத எழுதுவேன்."

தேறாமல் போகட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் நான் படியிறங்கினேன். அவர்கள் போனால் அந்த நாற்காலி எங்களுக்கு வராது என்பதும் தெரியும். கண் கண்தானே. ஆனாலும் அவளுக்கும் இல்லாமல் போகுமே, அது போதும் என்றிருந்தது.

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறினோம். எண்ணூர் தாண்டியதும் கழிமுகத்தின் மேல் பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் கால் நனையாமல் நாங்கள். எதிரே பழவேற்காட்டு வியாபாரி ஒருவர், கருவாட்டுக் கூடையைக் காலடியில் வைத்திருந்தார். முக்காலியைப் பார்த்து, "இன்னா சார் இது, போட்டோ புடிக்கிறதா?" என்றார். உயரம் அளக்கிறது என்று இவர் சொன்னதும் சிரித்தார். "எங்க ஊருக்கு வாங்க. கடலும் ஏரியும் ஒரே மட்டம், ஒரு நாள்ல வேல முடிஞ்சிரும்." பொன்னேரியில் இறங்கும்போது என்னிடம், "வரேம்மா," என்றார். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது பன்னிரண்டு மணி. டீ பதினைந்து காசு, திருவள்ளூர் விலைதான். கடைகளில் பாதிப் பேச்சு தெலுங்கு. அரிசிக்கடைக்குப் பின்னால் ஓர் அறை பிடித்தோம். கட்டை பிடிக்கிற தணிகாசலம் முந்தின நாளே வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், வாய் ஓயாது.

செவ்வாய்க்கிழமை வயலில் தொடங்கினார்கள். அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்றது. உயரம் தெரிந்த கல் ஒன்று ரயிலடியில் இருக்கிறது. அங்கிருந்து கட்டையை நகர்த்தி நகர்த்தி அளந்துகொண்டே வருவார்கள். நான் மத்தியானச் சோறு எடுத்துக்கொண்டு போனபோது என் வீட்டுக்காரர் வரப்பில் குதித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா! ரெண்டு வெரக்கடதான் வித்தியாசம்! வானத்துல பறந்துக்கினு எடுத்த படம்டி. இன்னா கண்ணு அவனுக்கு!"

நான் ரசத்தை ஊற்றினேன். தன்னைத் தள்ளிவிட்டு முன்னே போனவனை இப்படிப் புகழ்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்து நானே பொறாமைப்பட வேண்டியிருந்தது.

புதன்கிழமை முள்ளுப்புதர். தணிகாசலத்தின் வேட்டி கிழிந்தது. வித்தியாசம் ஒன்றரைச் சாண், அதுவும் தேறியது. வியாழக்கிழமை மாந்தோப்பு. மரங்களுக்கு நடுவே இடைவெளி இருந்ததால் அங்கங்கே மண் தெரிந்திருக்கும், அதுவும் தேறியது. ராத்திரி சாப்பிடும்போதும், "சகலைய மாதிரி ஆளு ஆபீஸ்லயே இல்ல," என்றார் இவர். "கொழம்பு எப்டி?" என்று கேட்டேன். "எது?" என்றார்.

வெள்ளிக்கிழமை, ஊருக்குக் கிழக்கே மணல் காட்டில் சவுக்குத் தோப்பு. படத்தில் அங்கே ஒரு பெரிய மேடு இருந்தது, மூன்று ஆள் உயரம். நேரில் போய்ப் பார்த்தால் சட்டி கவிழ்க்க மேடில்லை. மட்டமான மணல், அதில் தலைக்கு மேல் கொஞ்சம் வளர்ந்த இளஞ்சவுக்கு.

"இன்னா சார், மேட்ட யாருனா ஆந்திராவுக்குத் தூக்கிக்கினு பூட்டானுங்களா?" என்றார் தணிகாசலம்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மறுபடி அளந்தார். அதே கணக்கு. ஆறு மீட்டர் தப்பு. சோற்றைப் பிசைந்துவிட்டு வைத்துவிட்டார். நான் அன்றைக்கு இரண்டு பிடி அதிகமாகவே சாப்பிட்டேன்.

"மரத்தோட ஒசரத்தக் கழிச்சிட்டுத்தான் மண்ண வரையணும்," என்றார் பிறகு. "மர ஒசரம் வேற ஆளு நேர்ல வந்து எழுதிக் குடுத்தது. ரெண்டு மீட்டர்னு குடுத்திருக்கான். சகல அதையே கழிச்சிருக்கான். படம் எடுத்தது அதுக்கு ஒரு வருசம் முன்ன, மாசியில. அப்ப இங்க பெரிய மரம் இருந்துதுன்னு தெரிஞ்சா போதும். மர ஒசரம்தான் தப்பு, அவன் வரைஞ்சது தப்பில்லன்னு எழுதிடுவேன்."

அக்கம்பக்கத்தில் விசாரித்தார். தொழிற்பேட்டைக்கு நிலத்தைப் பிடுங்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டு எல்லோரும், "தெரியாது சார்" என்றார்கள். தோப்புக்காரர் பட்டணத்தில் இருந்தார். இவர் மூன்று குடிசை ஏறி இறங்கிவிட்டு, முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தோப்புப் பக்கம் போனார்.

நான் பனைமர நிழலில் அடுக்குப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தேன். விறகு பொறுக்குகிற பாப்பம்மா என்கிற பெண்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது. அதனாலேயே அவள் பேசினாளோ என்னவோ.

"இப்பத்தாம்மா இது இத்துனூண்டு. ரெண்டு வருசம் முன்ன பாத்திருக்கணும். நாலஞ்சு ஆளு ஒசரம். மாசி மாசம், ஒரு ஏரோப்ளேன் ஏர் ஓட்றாப்புல இப்டியும் அப்டியும் போய்க்கினு வந்துக்கினு இருந்துச்சு. சண்ட வந்துடுச்சு, குண்டு போடப் போறான்னு நாங்கல்லாம் புள்ளைங்கள இழுத்துக்கினு இந்தத் தோப்புக்குள்ள பூந்துக்கினோம். எங்க நைனா கோழியக்கூட வுடல. அண்ணாந்து பாத்தா வானமே தெரியல, அம்மாம் அடர்த்தி. சித்திரையில வெட்டிட்டாங்க. அப்பால வெச்ச கன்னுதான் இது."

வானம் தெரியவில்லை என்றால், வானத்திலிருந்து மண்ணும் தெரிந்திருக்காது. அஞ்சாவது வரை படித்த எனக்கே அது புரிந்தது. கமலாவின் வீடு இப்போது என் மடியில் கிடந்தது. பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை.

சாயங்காலம் அறையில் ஸ்டவ்வுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பேசாமலே இருந்தேன். இவர் சுவரில் சாய்ந்திருந்தார். "நாளைக்கு எழுதிட வேண்டியதுதான்," என்றார். "சவுக்குல தேறல." தோசை வேண்டாம் என்றார். எனக்குக் கமலாமேல் இரக்கம் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். வரப்பில் குதித்துக்கொண்டு, "பாத்தியா!" என்றாரே, அந்தக் குரல்தான் காதில் கேட்டது. பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னைப் பற்றி அந்தக் குரலில் அவர் யாரிடமும் சொன்னதில்லை. சகலைக்குக் கிடைக்கிறது, எனக்குக் கிடைத்தால் என்ன?

சொல்லிவிட்டேன். ஏரோப்பிளான், கோழி, சித்திரை, எல்லாவற்றையும்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். முகமெல்லாம் வெளிச்சம்.

"அப்டின்னா சகல கண்ணு கரெக்ட்டு!" என்று கத்தினார். "நான் சொல்லல? அவன் கண்ணு தப்பாதுன்னு! ஏய், தோச ஊத்துடி!"

ஊற்றினேன். கருகிற்று.

சனிக்கிழமை, பாப்பம்மா நான் கூப்பிட்டதால் வந்து, இவரிடமும் சொன்னாள். வெட்டினபோது அந்த மரங்களுக்கு ஐந்து வயது என்றாள். பக்கத்தில் ஐந்து வருஷத் தோப்பு ஒன்றில் மர உயரத்தை அளந்தார்கள். அதைக் கழித்தபோது படத்திலிருந்த மேடு கரைந்து, தரையிலிருந்து ஒன்றரைச் சாணில் வந்து நின்றது. நாலு வகை நிலத்திலும் தேறிவிட்டது. தணிகாசலம் என்னைப் பார்த்து, "அண்ணிய ஆபீஸ்ல சேத்துடலாம் சார்," என்றார். இவர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது மறுபடி பெரம்பூர். விஷயத்தைக் கேட்டதும் கமலா அழுதாள். "மாமா, நீங்க நல்லா இருக்கணும். எங்க ஊட்ட நீங்கதான் காப்பாத்தினீங்க."

"நான் இல்லம்மா. உங்க அக்காதான் அந்தப் பொம்பளகிட்டேர்ந்து விஷயத்தக் கறந்துக்கினு வந்தா."

கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "அக்காவா? போங்க மாமா! அது கடையில மீதிச் சில்லறகூட கேட்டு வாங்காது. அதுவா ஊரு பேரு தெரியாத ஆளுகிட்ட பேசுச்சு? நீங்க பெரிய மனுசன், அதான் இப்டிச் சொல்றீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டு, இவர் இலையில் இன்னொரு வடை வைத்தாள்.

திருநின்றவூர் தாண்டியபோது பொழுது சாய்ந்தது. கும்மிடிப்பூண்டியில் காற்று உப்பாக இருக்கும். எங்கள் பக்கம் வர வர வறண்டு, புழுதி வாசனையாக மாறும். அந்த வாசனை வந்தால் ஊர் வந்துவிட்டது என்று மனசு அடங்குவது வழக்கம். அன்றைக்கு அடங்கவில்லை. திருவள்ளூரில் இறங்கிக் கடைத்தெரு வழியாக நடந்தோம். இவர் முக்காலியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "அவ நம்பலைன்னா இன்னாடி? எனக்குத் தெரியுமே," என்றார்.

"உங்களுக்குத் தெரிஞ்சி இன்னா பண்றது? அவளுக்கில்ல தெரியணும்!"

பூக்கடையில் தொடுத்துக்கொண்டிருந்தவர்கள் நாரை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அது என் குரல்தான் என்று எனக்கே கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது.