தலைக்கு நல்ல இலை

பௌர்ணமியன்று எங்கள் ஊருக்கு யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள். சாமி குற்றம் ஒன்றும் கிடையாது, பஸ் வராது, அவ்வளவுதான். கிரிவலக் கூட்டத்துக்காக எல்லா பஸ்ஸையும் திருவண்ணாமலைக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து பட்டுப்புடவையும் பூவும் பழமுமாக வெயிலில் நடந்து வந்து சேர்வதற்குள் மாப்பிள்ளை வீட்டார் பாதி உயிராகிவிடுவார்கள். ஆனாலும் என் சித்தியைப் பார்க்க ஒரு ஆனி மாசத்துப் பௌர்ணமியன்றுதான் வந்தார்கள். அதுவும் மாப்பிள்ளையின் அப்பா காக்கிச் சட்டையும் தொப்பியுமாக வந்தார். அவர் கீழ்பென்னாத்தூர்க்காரர், போலீஸில் ஏட்டு. அன்று சாயங்காலம் கிரிவலப் பாதையில் அவருக்கு பந்தோபஸ்து டூட்டி. எப்படியும் திருவண்ணாமலைக்கு வந்தாக வேண்டும், அப்படியே பெண்ணையும் பார்த்துவிட்டால் தனியாக லீவு கேட்டு நிற்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

எனக்கு அப்போது எட்டு வயசு. படித்தது மூணாம் கிளாஸ்தான் என்றாலும் என் வாய் மட்டும் காலேஜில் படிக்கிறது என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். அது எவ்வளவு உண்மை என்று அன்றைக்கு நிரூபித்தேன்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். அவள் கையில் எந்நேரமும் நுனியில் கொக்கி வைத்த குரோஷா ஊசி ஒன்று இருக்கும். அதில் உல்லன் நூலை இழுத்து இழுத்து குல்லா, கைப்பை, யானைப் பொம்மை என்று எதையாவது பின்னிக்கொண்டே இருப்பாள். டிவி பார்த்தாலும் கை நிற்காது, யாரோடாவது சண்டை போட்டாலும் நிற்காது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர்கள்தான் அவளுக்கு வாடிக்கை. நல்ல வாடிக்கைதான், ஆனால் கல்யாணப் பேச்சு வந்தால் அதுவே குறுக்கே வந்து நிற்கும். முதலில் வந்த இடம், பொண்ணு வெள்ளைக்காரங்களோட பழகுதாமே என்று இழுத்து இழுத்து, கடைசியில் பதிலே சொல்லாமல் போய்விட்டது. அடுத்து வந்த இடம், கல்யாணத்துக்கு அப்புறம் ஊசியைத் தொடவே கூடாது என்றது. சித்தி நிதானமாக ஒரு வரிசையைப் பின்னி முடித்துவிட்டு, அப்படின்னா எனக்கு வேணாம் என்று சொல்லிவிட்டாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்த மூன்றாவது இடம் மட்டும் சித்திக்கே பிடித்திருந்தது. மாப்பிள்ளை கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருந்தார். அவருடைய போட்டோவை உல்லன் பைக்குள் போட்டு வைத்துக்கொண்டு, நூல்கண்டு தேடுகிற சாக்கில் அடிக்கடி எட்டிப் பார்ப்பாள். நான் பார்த்துவிட்டால் தலையில் குட்டுவாள். இதுவும் தட்டிப்போனால் நான் மனுஷியாகவே இருக்க மாட்டேன் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது சாமியை மிரட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் அந்த வெள்ளைக்கார அக்கா வந்தது. தலைமுடியைச் சடை சடையாகத் திரித்து, காலில் மெட்டி போட்டிருக்கும். கல்யாணம் ஆகவில்லையாம், மெட்டி சும்மா அழகுக்காம். அது ஒரு இலையின் படத்தை போனில் காட்டி, இதே மாதிரி நிறையப் பின்னிக் கொடு, கயிற்றில் கோத்து என் ரூம் ஜன்னலில் தொங்கவிடப் போகிறேன் என்று பாதி இங்கிலீஷிலும் பாதி கையிலும் சொன்னது. விரல் விரித்த மாதிரி ஏழு நீட்டம், ஒவ்வொரு நீட்டத்தின் ஓரத்திலும் ரம்பம் போல் பல். சித்தி படத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பிறகு சிரித்துக்கொண்டே அக்காவின் தோளில் ஒரு அடி வைத்தாள். இது என்ன இலை என்று கேட்டேன். அவங்க ஊரு மூலிகை என்றாள் சித்தி. எதுக்கு மூலிகை என்று விடாமல் கேட்டேன். கேள்வி அக்காவுக்கே புரிந்துவிட்டது. விரலால் தன் தலையைத் தட்டிக் காட்டி, பிறகு கையைப் பறவை மாதிரி மெதுவாக மேலே மிதக்கவிட்டு, கண்ணை மூடிச் சிரித்தது. எனக்கு விளங்கிவிட்டது. கரிசலாங்கண்ணி மாதிரி தலைக்கு நல்லது, தேய்த்தால் மனசு லேசாகும்.

உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும், அது கஞ்சா இலை. சித்திக்கும் தெரியும். ஆசிரமத்துப் பக்கம் பாதி பனியனில் அந்த இலைதானே இருக்கும். நீ ஏன் அதைப் பின்ன ஒத்துக்கொண்டாய் என்று வெகுகாலம் கழித்துக் கேட்டபோது, "கேட்டாங்க, போட்டேன். உல்லன்தானேடி, நட்டு வெச்சா முளைக்கவா போவுது?" என்றாள். எனக்கும் அம்மாவுக்கும்தான் அப்போது எதுவும் தெரியாது.

ஏழு நீட்டத்தையும் தனித்தனியாகப் பின்னி, அடியில் சேர்த்து, ஒரு காம்பு வைப்பாள். பின்னி முடித்ததும் இலை சுருட்டிக்கொள்ளும். அதனால் மைதாவைக் கரைத்துக் காய்ச்சி, அதில் முக்கி எடுத்து, தெர்மோகோலின் மேல் விரித்து, ஒவ்வொரு பல்லையும் இழுத்துக் குண்டூசி குத்தி மொட்டை மாடியில் காயவைக்க வேண்டும். குண்டூசி எடுத்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. காய்ந்து விறைத்து, பச்சைப்பசேலென்று, பறித்துக் கையில் கொடுத்த மாதிரி இருக்கும். பாதிப் பெருமை எனக்குச் சேர வேண்டியது என்று நினைத்துக்கொண்டேன்.

பெண் பார்க்கும் நாள் வந்தது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். வரும்போது மாவிலை கொண்டு வாங்க என்று அம்மா காலையிலேயே சொல்லி அனுப்பினாள். பௌர்ணமியன்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் வந்த மாதிரிதான். சவாரி மேல் சவாரி. மாவிலையும் வரவில்லை, அப்பாவும் வரவில்லை. வெறும் வாசலோடு எப்படி என்று அம்மா கையைப் பிசைந்தாள். மாடிக்குத் துணி எடுக்கப் போனவள், சித்தி கோத்துத் தொங்கவிட்டிருந்த இலைச்சரத்தைப் பார்த்துவிட்டாள். மாவிலையாவது மறுநாள் வாடும், இது வாடவே வாடாது, தவிர பெண்ணின் கைவேலையை வந்ததும் வராததுமாக வாசலிலேயே பார்த்துவிடுவார்கள் என்று ஒரே சந்தோஷம் அவளுக்கு. நிலைப்படியில் ஆணி தேடிக் கட்டினாள். கட்டியதோடு விட்டாளா? ஒவ்வொரு இலைக்கும் மஞ்சள் தொட்டுக் குங்குமப் பொட்டு வைத்தாள். அந்த இலை இவ்வளவு மங்களகரமாக வேறு எந்த வீட்டு வாசலிலும் தொங்கியிருக்காது. சித்தி உள்ளே பக்கத்து வீட்டு அக்காவிடம் தலை பின்னிக்கொண்டிருந்தாள், அவளுக்கு இது எதுவும் தெரியாது.

மூன்று பேர் வந்தார்கள். ஏட்டு, அவர் சம்சாரம், மாப்பிள்ளை. ஏட்டு நல்ல உயரம். உள்ளே நுழையும்போது தோரணம் தொப்பியில் இடித்தது. நிமிர்ந்து பார்த்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, அப்படியே நின்றுவிட்டார். அவர் சர்வீஸில் பாதி, ஜவ்வாது மலையில் அந்தச் செடியைத் தேடித் தேடிப் பிடுங்கி எரிப்பதிலேயே போயிருக்கிறது. அது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்கு நான், ஆகா, எப்படி ரசிக்கிறார் பார் என்று பூரித்துப்போனேன். பின்னால் வந்த மாப்பிள்ளையும் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு உடனே இருமல் வந்தது. அம்மா, "வாங்கய்யா, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று ஃபேனை வேகமாக வைத்தாள்.

சித்தி காபித் தட்டோடு வந்தாள். ஹாலுக்கு வந்ததும் நேரே எதிரே வாசல். பொட்டு வைத்த இலைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. தட்டில் இருந்த டம்ளர்களெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டன. "பொண்ணுக்கு வெக்கம் ஜாஸ்தி" என்று மாப்பிள்ளையின் அம்மா சந்தோஷப்பட்டார். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு அந்தம்மாவே கேட்டார்.

"வாசல்ல தொங்குதே, பொண்ணு போட்டதா? எவ்ளோ லட்சணமா இருக்குது! இன்னா இலைம்மா அது?"

சித்தி வாயைத் திறந்தாள். அதற்குள் மாப்பிள்ளை அவசரமாக, "மரவள்ளிம்மா, மரவள்ளி இலை" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. உரக்கடை வைத்திருக்கிற மனுஷனுக்கு ஒரு இலை தெரியவில்லையே, இவர் எப்படி எங்கள் சித்தியைக் காப்பாற்றுவார்?

"மரவள்ளிக்கு ஓரத்துல பல்லு இருக்காது, இதுல பாருங்க, பல்லு இருக்குது" என்று எழுந்து நின்றேன். "இது வெள்ளைக்கார அக்கா ஊரு மூலிகை. தலைக்கு ரொம்ப நல்லதாம். மனசு அப்டியே லேசாயிடுமாம்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். சித்தியின் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. அவள் ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏட்டு டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வாசலுக்குப் போனார். போகிறாரே, பேசாமல் போகிறாரே என்று அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது, ஏன் என்றுதான் தெரியவில்லை. அவர் போகவில்லை. தோரணத்தின் இரண்டு பக்க முடிச்சையும் பொறுமையாக அவிழ்த்தார். இலை நசுங்காமல் சுருட்டினார். தொப்பியைக் கழற்றி, அதற்குள் வைத்துக்கொண்டார்.

"இத நான் எடுத்துட்டுப் போறேம்மா" என்றார் அம்மாவிடம். "எங்க வூட்டுக்கு வரப்போற பொண்ணு கையால போட்டது. எங்ககிட்டயே இருக்கட்டும்." பிறகு சித்தியைப் பார்த்து, "கல்யாணத்துக்கு அப்புறமும் நல்லாப் போடும்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா இலை வேணாம். பூவாப் போடு" என்றார்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சித்தி உள்ளே ஓடிப்போய் அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாத மாதிரி ஒரு சத்தம் போட்டாள். வீடே கொண்டாட்டமாக இருந்தது, நான் ஒருத்திதான் கொதித்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்த வீட்டில் பஜ்ஜி தின்னலாம், கேசரி தின்னலாம், தோரணத்தை அவிழ்த்துக்கொண்டு போவார்களா? அக்காவுக்குச் சித்தி என்ன பதில் சொல்வாள்? போலீஸ்காரரே இப்படிச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? தெருமுனை வரை அவரை முறைத்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு வெயிலிலும் தொப்பியைப் போடாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெறுந்தலையோடு பந்தோபஸ்துக்குப் போனார்.

ஆவணியில் கல்யாணம். அக்காவுக்குச் சித்தி சூரியகாந்திப் பூவாகப் பின்னிக் கொடுத்தாள். அக்கா புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்து, சித்தி காதில் என்னவோ சொல்லக் கேட்டு, பந்தியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் காலையில், டூட்டி முடித்த ஏட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தீபத்துக்கு வந்திருந்த சித்தியும் சித்தப்பாவும் கூட இருந்தார்கள். பனிக்கு இதமாகத் தலையில் உல்லன் குல்லா போட்டிருந்தார். பச்சைக் குல்லா. எனக்கா அந்தப் பச்சை தெரியாது? எத்தனை குண்டூசி குத்தியிருப்பேன்!

"தாத்தா, இது எங்க தோரணம்தானே? ஏன் பிரிச்சீங்க?"

கல்யாணமாகி வந்த வாரமே அவர் அந்தச் சரத்தைச் சித்தி கையில் கொடுத்து, இதைப் பிரித்து எனக்கு ஒரு குல்லா போட்டுக் கொடு என்றாராம். சித்திதான் சொன்னாள். அதற்குமேல் சொல்ல முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஏட்டு குல்லாவை இரண்டு கையாலும் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தலைக்கு நல்லதுன்னு நீதானேம்மா சொன்னே?"

சித்தப்பாவுக்குப் புரையேறியது. அப்பா எழுந்து வெளியே போய்ச் சிரித்தார். சித்தி சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர வர, மூச்சுவிட முடியாமல் சிரித்தாள். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துகொண்டேன். ஒரு போலீஸ்காரர் என் பேச்சைக் கேட்டு நடந்திருக்கிறார் என்பதில் தோரணம் போன கோபம்கூடப் போய்விட்டது. பக்கத்தில் போய் அக்கறையாக விசாரித்தேன்.

"மனசு லேசா இருக்குதா தாத்தா?"

அவர் சிரித்துக்கொண்டிருந்த சித்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப லேசா இருக்குதும்மா" என்றார்.

அந்த அக்கா பொய் சொல்லவில்லை, நல்ல மூலிகைதான் என்று நினைத்துக்கொண்டேன்.