வெறுஞ்சோறு என்று அக்கா ஒப்புக்கொண்ட நாள்

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் எங்கள் வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். அக்கா சொன்ன ஒரு பொய்யையும் சேர்த்துத்தான் எழுதுவேன். அதை விட்டுவிட்டால் அவரே என்னைக் கோபித்துக்கொள்வார்.

தேவாரம் பக்கம் சோளக்காடு வைத்திருந்த சிறு குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அக்கா. அவருக்கு எட்டு வயது இளையவள் நான். மழை ஏமாற்றிய வருடங்களில் காடு கைவிட்டது. கல்யாணமான கையோடு அக்காவும் மச்சானும் போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறினார்கள். எனக்குப் பதினேழு வயதானதும் காய் பறிக்க நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். எழுபதுகளின் பின்பாதி அது. தொழிலாளர் குடியிருக்கும் ஓட்டு வரிசையை லயம் என்போம். எங்கள் லயத்தில் நான்கு வீடுகள்.

கண்ணை மூடினால் அந்த வருடங்கள் இப்போதும் மூடுபனிக்குள்தான் தெரிகின்றன. காலையில் கதவைத் திறந்தால் வெள்ளை. அதற்குள் ஏலச்செடியின் வாசம், நாலு அடுப்பின் புகை, யாரோ இருமும் சத்தம். நடந்ததையும் கனவில் கண்டதையும் என்னால் முழுதாகப் பிரிக்க முடியவில்லை. ஆனாலும் தராசு வந்த காலை நன்றாக நினைவிருக்கிறது. பனிக்குள் முதலில் தராசுத் தட்டு ஆடுவதுதான் தெரிந்தது. பிறகுதான் அதைப் பிடித்திருந்த பெண் தெரிந்தார்.

யார் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுக்க வந்தவர் அவர். மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். நாங்கள் டீச்சரம்மா என்போம். உலை வைக்கும் முன் அரிசி, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்து எழுதிக்கொள்வார். சாப்பாடு போதாத லயத்துப் பிள்ளைகளுக்குச் சத்து மாவு வரும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம், எங்கள் பானையில் அரிசியைத் தவிர எழுத ஒன்றும் இல்லை என்பதுதான். அதற்குத் தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாயும்.

"வேத்து ஊருப் பொம்பள வந்து நம்ம அடுப்பப் பாக்குறாக. வெறுஞ்சோறுன்னு எழுதிக்கிட்டுப் போகணுமாக்கும்? வெரசா கங்காணி வீட்டுக்குப் போயிட்டு வா புள்ள" என்றார் அக்கா.

எங்களை வேலை வாங்கும் கங்காணியின் வீட்டில் ஒரு படி துவரம்பருப்பும் ஒரே ஒரு கட்டாமீன் கருவாடும் இரவல் வாங்கி வந்தேன். முதல் வீட்டில் எடை போட்டு முடித்து டீச்சரம்மா எழுதிக்கொண்டிருக்கும்போதே, பின்வாசல் வழியாக இரண்டையும் முந்தானைக்குள் மறைத்து அடுத்த வீட்டுக்கு ஓடுவேன். இப்படியே நாலு வீடு, மூன்று நாள். நாலாம் நாள் பருப்பும் கருவாடும் கங்காணி வீட்டுக்கே திரும்பிப் போயின. எங்கள் நாக்கில் அவற்றின் ருசிகூடப் படவில்லை. லயமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்போது அக்காவின் மகள் பாப்பாவுக்கு இரண்டு வயது. கால் வீங்கி, தலைமுடி செம்பட்டையாகி, அழக்கூட முடியாமல் கிடந்தாள். டீச்சரம்மா அவளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்.

"சாப்பாட்டில குறை இல்லையல்லோ சேச்சி. வயித்தில புழுவா இருக்கும்" என்று சொல்லி மருந்து கொடுத்தார். போகும்போது, மாவு மேல் லயத்துக்குப் போகும், உங்களுக்குத் தேவைப்படாது என்றும் சொன்னார். அவரை வழியனுப்பிவிட்டு வந்த அக்கா அடுப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் காலை அக்கா வேலைக்குப் போகவில்லை. பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு போடிமெட்டுக்கு நடந்தார். டீச்சரம்மா அன்று பஸ்ஸில் கீழே இறங்குகிறார் என்று கேள்வி. நானும் பின்னாலேயே போனேன்.

"வேணாம்க்கா. லயத்து மானமே போயிரும்" என்றேன்.

"போகட்டும்டி. எம்புள்ள இருக்கட்டும்."

டீச்சரம்மா டீக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். சுற்றி எங்கள் தோட்டத்து ஆட்கள் பத்துப் பேர். அக்கா குரலைத் தாழ்த்தவே இல்லை.

"டீச்சரம்மா, நீங்க நிறுத்த பருப்பு எங்க பருப்பு இல்ல. கருவாடு நாலு வீட்டுக்கும் ஒண்ணுதான். நாங்க திங்கிறது வெறுஞ்சோறு. நான் சொன்னது பொய். அத அடிச்சிட்டு எழுதுங்க."

எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. டீச்சரம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்தக் கருவாட்டுக்கு வால் ஒடிஞ்சிருந்தது. நாலு வீட்டிலும் ஒடிஞ்சிருந்தது. இவிடே வர்ற கருவாடு எல்லாம் அப்படித்தான்னு ஞான் நெனச்சு" என்றார். டீக்கடை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

நோட்டைத் திறந்து பருப்பை அடித்தார். கருவாட்டை அடித்தார். மிஞ்சியது அரிசி ஒன்றுதான். அதை வைத்து என்னவோ கணக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"வெறுஞ்சோறுன்னு சொல்லவேண்டா சேச்சி. உடம்ப வளக்கிற புரதம் அரிசியிலும் உண்டு. கொஞ்சந்தான் உண்டு. நிங்கள் வட்டில் நிறையச் சாப்பிடுறதால அது சேருது. இந்த நாட்டில எத்தனையோ பேர் அதுலதான் எழுந்து நிக்கிறாங்க. ஆனா அத்தனை சோறு இந்தக் குட்டி சாப்பிடுமோ?" என்று கேட்டு, பாப்பாவின் வயிற்றுக்கு நேரே தன் கையைப் பொத்திக் காட்டினார். "இவ்வளவுதான் எடம். இதுக்குப் பருப்பு வேணும், மாவு வேணும்."

அக்கா அப்போதுதான் அழுதார். அன்று டீச்சரம்மா பஸ் ஏறவில்லை. எங்களோடு லயத்துக்கே திரும்பி வந்தார். பத்து நாளில் பாசிப்பயறும் கடலையும் அரைத்த மாவு மூட்டை ஜீப்பில் வந்து இறங்கியது. மானத்தை வாங்கிவிட்டாய் என்று எங்களோடு பேசாமல் இருந்த மூன்று வீட்டாரும் கிண்ணத்தோடு எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். பாப்பா முதல் முறையாகப் பசிக்கு வீறிட்டு அழுத காலை, லயத்தில் யாருக்கும் அது இரைச்சலாகத் தெரியவில்லை.

எண்பதுகளில் போடிக்கு இறங்கி வந்தோம். மச்சான் காலமான பிறகும், ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்த்தான் அக்கா பாப்பாவைப் படிக்க வைத்தார், எனக்கும் கல்யாணம் செய்து வைத்தார். அந்த டீக்கடை நாளுக்குப் பிறகு அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டபோது, மனசு கேட்காமல், நல்லாச் சாப்பிட்டாக என்றேன். அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பொய் சொல்லாதடி. ரெண்டு வாய் கஞ்சி."

ஆஸ்பத்திரியில் முறை வைத்து உடனிருந்த தெருக்காரர்களுக்கும், அக்காவோடு காய் பிரித்த தோழிகளுக்கும், கருவாடு இரவல் தந்து கடைசிவரை அதைச் சொல்லிக் காட்டாத கங்காணி குடும்பத்துக்கும் நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். டீச்சரம்மாவின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. எங்கிருந்தாலும் அவர் நன்றாக இருக்க வேண்டும்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அக்கா படத்துக்கு முன்னால் பாப்பா இலை போட்டிருப்பாள். சோறு, பருப்பு, ஒரு முழுக் கருவாடு, வாலோடு. எதுவும் இரவல் இல்லை அக்கா.