ஐந்து மணித்தியாலப் பிளேன்

அம்மா செத்த அன்று பின்னேரம் மாமாதான் போன் பேசுகிற கொமினிகேசன் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். கடைக்காரர் கொம்பியூட்டரில் பார்த்துத் கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்திருந்தார். டோகாவிலிருந்து கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றர். பறக்கிற நேரம் ஐந்து மணித்தியாலம்.

கட்டாரில் வேலை செய்கிற தம்பி இரண்டு மணிப் பிளேனில் ஏறுவதாகச் சொல்லியிருந்தான். மாமா விரலை மடக்கினார்.

“ரெண்டும் அஞ்சும் ஏழு. விடிய ஏழுக்கு இறங்குவான். மறுகா வான் பிடிச்சா றோட்டால ஏழு மணித்தியாலம். ரெண்டு மணிக்கு வீட்ட நிப்பான். மூணுக்குத் தூக்குவம்.”

அவ்வளவுதான். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, தேற்றாத்தீவிலிருந்து குருக்கள்மடம் வரைக்கும் மூன்று மணி என்று சொல்லியாயிற்று.

தம்பி ஒரே ஆண்பிள்ளை. முதல் பிடி மண் அவன்தான் போட வேண்டும். எனக்கு மண்ணைப் பற்றிக் கவலையில்லை. அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். சுனாமியில் போன அப்பாவைக் கடல் திருப்பித் தரவேயில்லை. இந்த முறையாவது பார்க்க ஒரு முகம் இருந்தது.

மறுநாள் ஏழு மணிக்கு அவனிடமிருந்து போன் வரவில்லை. எட்டுக்கும் இல்லை. “பிளேன் விழுந்திட்டோ தெரியா” என்று பக்கத்து வீட்டு மாமி என் காது கேட்கவே சொன்னா. ஒன்பதரைக்குப் போன் அடித்தது.

“அக்கா, இப்பதான் இறங்கினன்.”

“இப்பவா? ஏழுக்கெல்லோ வரணும்?”

“இஞ்ச நேரம் ரெண்டரை மணித்தியாலம் முந்தி அக்கா. அங்க ரெண்டு எண்டா இஞ்ச நாலரை.”

மாமாவிடம் சொன்னேன். அவர் கடைக்காரரின் துண்டை நீட்டினார்.

“இதில அஞ்செண்டுதானே கிடக்கு?”

“சூரியன் இஞ்ச முந்தி வருது மாமா.”

“எட்டாம் வகுப்போட நிண்டவ எனக்குப் படிப்பிக்கிறா!”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா நடுவீட்டில் கிடக்கிறா, சிரிக்கிறார்கள்.

நாட்டில் சண்டை முடிந்திருந்தது, ஆமி செக் பொயின்ற் முடிந்திருக்கவில்லை. வெலிகந்தையில் பையை அவிழ்க்கிறார்கள் என்று போன் எடுத்தான். பிறகு இன்னொரு இடத்தில் இறக்கி நடக்க விட்டார்கள் என்று எடுத்தான். மாமா மூன்றை நாலாக்கினார், நாலை ஐந்தாக்கினார். ஐந்துக்கு மேல் யார் சொல்லியும் கேட்கவில்லை.

“பொழுதுபட்டா மண் போட ஏலா. தூக்குங்கடா.”

பெண்கள் ஒழுங்கை றோட்டில் ஏறுகிற முடக்கு வரைக்கும்தான் போகலாம். அந்த முடக்கில், பெட்டிக்கு முன்னால், நடு றோட்டில் குந்திவிட்டேன்.

“எழும்பு புள்ள, ஆக்கள் பாக்காங்க!”

“பாக்கட்டும். அவன் செங்கலடி தாண்டிற்றான்.”

“பெட்டிய நடுவழியில இறக்கப்படாது!”

“அப்ப தூக்கிக்கொண்டு நில்லுங்க.”

நின்றார்கள். என்னை ஏசி ஏசி, தோள் மாற்றி மாற்றி, முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் நின்றார்கள். பொழுது வாவிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. வான் வந்ததும் அவன் செருப்பில்லாமல் ஓடி வந்தான். இறக்கப்படாது என்று ஒருவரும் அப்போது சொல்லவில்லை. பெட்டியை றோட்டிலேயே வைத்து மூடியைத் திறந்தார்கள்.

மாமா குனிந்து அவன் முதுகைத் தடவினார்.

“பிளேன் சுணங்கிட்டோ மனே?”

“சுணங்கல்ல மாமா!” என்று கத்தினேன். “பிளேன் சுணங்கவேயில்ல!”

தம்பிக்கு இரண்டும் கேட்கவில்லை. அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.